யார் கையில் பதிவேடு

முகாம் என்றால் முதலில் பதிவு. இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில் கரையேறிய நாளில் பெயர், ஊர், வயது, கூட வந்தவர்கள் என்று எழுதிக்கொள்ளும் அந்தப் பதிவுதான் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழ அகதிக்கு எல்லாமும். பதிவு இருந்தால் அரிசி கிடைக்கும், பணக்கொடை கிடைக்கும், பத்துக்குப் பத்தில் ஓர் அறை கிடைக்கும். 'பதிவை வெட்டிட்டாங்க' என்றால் அத்தனையும் போயிற்று. குறித்த நாளில் வருவாய்த்துறை அதிகாரி வந்து மேசை போட்டு உட்காருவார். காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவின் காவலர் பக்கத்தில் இருப்பார். ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் வந்து, தலைகள் சரியாக இருக்கின்றன என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். முகாமில் அதற்குப் பெயர் 'செக்கிங்'. வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போன தகப்பன் கூலியை விட்டுவிட்டு இரவோடு இரவாகப் பேருந்து பிடித்து வந்தது இதற்காகத்தான். பிள்ளைக்குப் பரீட்சை இருந்தாலும், கிழவிக்குக் காய்ச்சல் அடித்தாலும் செக்கிங் தப்பக் கூடாது.

அன்று முகாமில் மதிப்புள்ள நோட்டு அது ஒன்றுதான். அது அரசாங்கத்தின் நோட்டு. இன்று அதே முகாம்களில் வேறு நோட்டுகளும் இருக்கின்றன. மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு, பிறந்த பிள்ளைகளின் பட்டியல், மாலை வகுப்புக்கு வந்தவர்களின் பெயர், எந்த வீட்டு முதியவருக்கு மருத்துவமனை போகத் துணை வேண்டும் என்ற குறிப்பு. எழுதுகிறவர்கள் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களில் பெண்கள் அதிகம். நாற்பது ஆண்டுகளில் முகாம்களில் நேர்ந்த மாற்றங்களில் புதிய வீடுகளையும் உயர்ந்த உதவித்தொகையையும் விட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். வீடும் தொகையும் வருவதற்கே இந்த நோட்டுகள்தான் வழி செய்தன என்பது என் துணிபு.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 1987 ஜூலை இறுதி வரை வந்தவர்கள் மட்டும் 1,34,053 பேர். இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை நம்பிச் சிலர் திரும்பினார்கள். போர் மறுபடி மூண்டதும் இன்னும் பெரிய கூட்டம் வந்தது. 1983 முதல் வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர் என்று 2021இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்டது. வந்தவர்களை எங்கே வைப்பது? தானியக் கிடங்குகளும், புயல் பாதுகாப்புக் கட்டடங்களும், ஊருக்கு வெளியே புறம்போக்கில் போட்ட கொட்டகைகளும் வீடுகளாயின. ஒரு பெரிய கூடத்தைச் சாக்காலும் சேலையாலும் தடுத்துப் பல குடும்பங்கள் இருந்தன. அடுத்த தடுப்பில் குழந்தை இருமினால் இந்தத் தடுப்பில் தூக்கம் கெடும். பருவம் வந்த பெண்ணுக்கு உடை மாற்ற இடமில்லை. போரில் கணவனை இழந்தவளுக்கு அழவும் ஒரு மறைவு இல்லை.

மண்டபம் முகாமுக்கு இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்தி வைத்து மருத்துவச் சோதனை செய்ய, வெள்ளையர் காலத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய இடம் அது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் அதே மண்டபத்துக்கு அகதிகளாகத் திரும்பினார்கள். முகாம்களில் இருந்த மலையகத் தமிழர் பல்லாயிரம் பேர். இலங்கை அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்றிருக்கவில்லை; அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக் குடியுரிமை கொடுக்க வந்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் காகிதங்கள் பாதியிலேயே நின்றுபோயிருந்தன. எந்த நாட்டுப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள் அவர்கள்.

அகதிகளே அகதிகளுக்காக உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1984இல் தொடங்கியது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். முகாம்களில் 'ஓஃபர்' என்றால்தான் தெரியும். தொடங்கியவர் ஈழத்தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன், வழக்கறிஞர் எஸ்.சி. சந்திரஹாசன். அவருக்கே இங்கே நிலையான இருப்பு இல்லை. 1985 ஆகஸ்டில் டெல்லி அரசு அவரை நாடுகடத்தும் ஆணை பிறப்பித்து அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவர் திரும்பி வர முடிந்தது. ஓர் ஆணையில் அனுப்பப்படக் கூடியவர்கள் கூடி நடத்திய அமைப்பு அது என்பதை மறக்காமல்தான் மற்றதைப் பேச வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் செய்தவை துணி சேர்ப்பது, மருந்து கொடுப்பது, பள்ளி விட்டுப்போன பிள்ளைகளை மறுபடி சேர்ப்பது. படித்துவிட்டு வந்த அகதிகளே தொண்டர்கள். இலங்கையில் ஆசிரியராக இருந்தவர் தார்ப்பாய் நிழலில் பாடம் சொன்னார். ஈழத்தமிழர் கல்வி மீது வைத்திருக்கும் பிடிவாதம் கிடங்குக்குள்ளும் குறையவில்லை. அந்த ஆண்டுகளில் எம்.ஜி.ஆர். அரசு கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்கு இடம் கொடுத்ததும் பெரும் துணையாக இருந்தது.

பிறகு 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவிலிருந்து முகாம்வாசி ஒவ்வொருவரும் சந்தேகத்துக்குரியவர் ஆனார். தொண்டு அமைப்புகள் முகாம்களுக்குள் நுழையத் தடை வந்தது. கல்லூரி இடங்கள் நின்றன. வெளியே போக அனுமதி, திரும்பி வர நேரம் என்று கெடுபிடி இறுகியது. 1992 முதல் 1995 வரை 54,188 பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் மனமுவந்துதான் போகிறார்களா என்ற கேள்வி எழுந்த பிறகே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களிடம் நேரில் விசாரிக்கத் தொடங்கியது. படித்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறையின் வழி அந்த ஆண்டுகளில் அறுந்தது. இன்று ஐம்பதை நெருங்கும் முகாம் ஆண்களில் இத்தனை பேர் பெயின்ட் அடிப்பவர்களாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. உகாண்டாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அகதிக்கு வேலை செய்யவும் நடமாடவும் உரிமை கொடுக்கிறது. அங்கே கியாங்வாலி குடியேற்றத்தில் 2005இல் அகதி இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய ஓர் அமைப்பு பள்ளிக்கூடமே கட்டி நடத்துகிறது. தமிழ்நாட்டு முகாமில் ஒரு கூட்டம் போடுவதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. ஐந்தாறு பெண்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பத்து ரூபாய் சேமிப்பைப் பற்றிப் பேசுவதன் எடை, இதை அறிந்தால்தான் புரியும்.

பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆட்சி மாறி, கெடுபிடி தளர்ந்து, அமைப்புகள் மறுபடி உள்ளே வர முடிந்த பிறகு ஓஃபர் ஆழமாக வேர்விட்டது பெண்கள் வழியாகத்தான். அதற்குக் காரணம் எளிது. ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் முகாமில் இருப்பது பெண்கள். கணவனைப் போரில் இழந்தவர்களும், கணவன் திரும்பியே வராதவர்களும் பலர். பணக்கொடை கைக்கு வருவதற்கு முன்பே கடைக்காரருக்கும் வட்டிக்காரருக்கும் பாத்தியமாகிவிடும். ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு பெரிய காய்ச்சல் போதும்; அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் மீள முடியாது. வங்கிக்குப் போனால், அகதி அட்டையைப் பார்த்ததும் கணக்கு இல்லை என்பார்கள்.

குழு இதைத்தான் உடைத்தது. பத்துப் பதினைந்து பெண்கள், வாரம் ஒரு நாள், ஆளுக்கு ஒரு சிறு தொகை. தலைவி, செயலாளர், பொருளாளர் என்று மூவர். கூட்டம் நடந்ததை ஒருவர் எழுத, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் கற்றுக்கொண்டு போடுவார். சேர்ந்த பணத்தில் யாருக்கு முதலில் கடன் என்பதைக் கூட்டம் முடிவு செய்யும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவருக்கா, தையல் இயந்திரம் வாங்க நினைப்பவருக்கா? வெளியிலிருந்து வந்த எந்த அதிகாரியாலும் அந்த முடிவைச் சரியாக எடுக்க முடியாது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வரிசை வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும். எந்த வீட்டுக்காரன் குடித்துவிட்டு அடிக்கிறான், எந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதிலேயே கல்யாணம் பேசுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். சேமிப்புக்காகக் கூடிய கூட்டத்தில் இந்தப் பேச்சுகளும் வரத் தொடங்கின. அடி வாங்கிய பெண் தனியாகக் காவல் நிலையம் போகப் பயப்படுவாள். முகாம்வாசி என்றால் எதிர்க்கேள்வி கூடுதலாக வரும் என்று அவளுக்குத் தெரியும். பத்துப் பேர் கூடப் போனால் கதை வேறு.

பின்னர் அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டமும் முகாம்களுக்கு வந்தது, சுழல்நிதி வந்தது, ஆதாரும் வங்கிக் கணக்கும் வந்தன. அண்மையில் மகளிர் உரிமைத்தொகையும் முகாம் குடும்பத் தலைவிகளுக்கு நீட்டிக்கப்பட்டது. திட்டம் வந்தபோது அதை வாங்கிப் பயன்படுத்த ஆயத்தமாக இருந்தவர்கள், அதற்கு முன்பே நோட்டுப் போட்டு எழுதிப் பழகியிருந்த பெண்கள்.

பிள்ளைகளின் உடம்பும் அவர்கள் கவலை ஆயிற்று. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் வேண்டிய சத்தைத் தராது. ஓஃபர் தேர்ந்தெடுத்த வழி சுருள்பாசி. ஸ்பைருலினா எனப்படும் இந்தப் பாசியைச் சிறு தொட்டிகளில் பெண்கள் வளர்த்தார்கள். அதை வடித்து, உலர்த்தி, பொடியாக்கி, எடை குறைந்த பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் கொடுத்தார்கள். எந்தப் பிள்ளை எடை குறைவு என்பதைக் கண்டறிந்தவர்களும் அவர்களே. முகாமிலேயே பயிற்சி பெற்ற நலப் பணியாளர்களும், உளவளத் துணையாளர்களும் உருவானார்கள். போர் மனதில் விட்டுச் சென்ற காயத்தை அதே போரிலிருந்து வந்த இன்னொருத்தி கேட்கும்போது, சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமலே புரிந்துகொள்வாள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையை அழித்தபோது, அந்த அனுபவத்தோடு அகதித் தொண்டர்கள் போய் மீனவக் குடும்பங்களோடு உட்கார்ந்தார்கள். உதவி வாங்கும் வரிசையிலேயே இருபது ஆண்டு நின்றவர்கள் மறுபக்கம் நின்று கொடுத்தார்கள். முகாம் வரலாற்றில் இதற்கு இணையாக நான் மதிக்கும் நிகழ்வுகள் சிலவே.

ஆனால் எல்லாவற்றிலும் நீண்ட நாள் பயன் தரப்போவது பிறப்புப் பதிவு என்பேன். முகாமில் குழந்தை பிறந்தால் என்ன காகிதம்? சில பிரசவங்கள் குடிசையிலேயே நடந்தன. சில மருத்துவமனையில் நடந்தும் சான்றிதழ் வாங்கத் தெரியாமல் போயின. அந்தப் பிள்ளை இந்தியக் குடிமகனா? 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் சட்டப்படி ஆம். அதற்குப் பிறகு பிறந்தால் தாயோ தந்தையோ இந்தியராக இருக்க வேண்டும். இலங்கைக் குடிமகனா? சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் ஆம், பதியாவிட்டால் இல்லை. இரண்டுக்கும் முதல் படி பிறப்புச் சான்றிதழ். தொண்டர்கள் வரிசை வரிசையாக வீடு ஏறி, பிள்ளைகளை எண்ணி, மருத்துவமனைக் குறிப்பும் தாய் தகப்பன் பதிவு எண்ணும் சேர்த்து, நகராட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் தூதரகத்துக்கும் மாறி மாறி அலைந்தார்கள். பரபரப்பான செய்தியாக எந்த நாளிதழிலும் வரக் கூடிய வேலை இல்லை இது. நாடற்றவர்களாகப் போயிருக்க வேண்டிய பிள்ளைகளை அதுதான் காப்பாற்றியது. மலையகத் தமிழர் விஷயத்திலும் தொடர்ந்து வற்புறுத்தினார்கள். 2009இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, இந்திய முகாம்களில் இருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை பெற வழி திறந்தது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. முகாம் தலைவர் என்பவர் பல இடங்களில் அதிகாரிக்கு வேண்டியவராக இருந்தார். அவர் வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்ற நிலையும் இருந்தது. பெண்கள் குழுவில் எடுத்த முடிவை ஆண்கள் கூட்டம் தட்டிக்கழித்ததும் உண்டு. சாதி கடல் தாண்டி வந்தது. யாழ்ப்பாணத்தார், வன்னிப் பகுதியார், மலையகத்தார் என்ற பிரிவுகளும் வந்தன. குழுக்களில் யார் பேசினார்கள், யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதில் அவை தெரிந்தன. தொ. பத்தினாதன் 2007இல் 'போரின் மறுபக்கம்' நூலை எழுதியபோது, முகாம் வாழ்வின் இந்தக் கசப்பையும் ஓர் அகதியின் கையே எழுதியது. அமைப்புகளின் அறிக்கைகளில் இடம்பெறாதவை அதில் இருந்தன. அதுவும் நல்லதற்குத்தான்.

பெரிய பிளவு 2009க்குப் பிறகு வந்தது. போர் முடிந்தது, இனி திரும்புவதா, தங்குவதா? ஓஃபர் நெடுங்காலமாகத் திரும்பிச் செல்வதை மனதில் வைத்தே ஆட்களைப் பயிற்றுவித்தது. ஊருக்குப் போய்ச் சமூகத்தைக் கட்டி எழுப்ப ஆசிரியரும் கணக்கரும் நலப் பணியாளரும் வேண்டும் என்பது அதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு மாண்பு இருக்கிறது. ஆனால் முகாமில் பிறந்த பிள்ளைக்குத் திரும்ப ஊர் எது? அவன் பார்த்திராத கிளிநொச்சியா, அவன் படித்த கும்மிடிப்பூண்டியா? தாத்தா நிலத்தில் இப்போது இராணுவ முகாம் இருக்கலாம், வேறு யாரோ குடியிருக்கலாம். முன்னோர் இந்தியாவிலிருந்து போன மலையகக் குடும்பத்துக்கு அந்தத் தாத்தா நிலமும் இல்லை. இந்த விஷயத்தில் இளையவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். போக விரும்புகிறவர் மானத்தோடு போகவும், இருக்க விரும்புகிறவர் மானத்தோடு இருக்கவும் வழி வேண்டும்; மூத்த தலைமுறையின் கனவுக்காக இளையவர்களைக் காத்திருப்பு அறையில் வைத்திருக்க முடியாது.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முதன்மையானது. அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே வாழ்வோரின் வெளிப்பதிவில் 34,087 பேர். குடும்பத் தலைவருக்கான மாதத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பொறியியல் படிப்பில் சேரும் முதல் 50 மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. முகாம்களின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை. மறைவு கேட்டு முப்பது நாற்பது ஆண்டு காத்திருந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

மாலை வகுப்பில் படித்தவர்கள் இன்று பட்டதாரிகள். பொறியாளர்களும் செவிலியர்களும் சமூகப் பணி படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அரசு வேலைக்கு அவர்கள் விண்ணப்பிக்க முடியாது, கடவுச்சீட்டு கிடையாது, பெயரில் நிலம் வாங்க முடியாது. பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் பெயின்ட் வாளியையே எடுத்தவர்களும் உண்டு. தம்பி இதைப் பார்த்துப் பள்ளியை விடுகிறான். மாலை வகுப்பு நடத்தும் பெண்ணுக்கு இன்று இருக்கும் கடினமான வேலை, அவனிடம் 'படி' என்று சொல்வதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது.

ஆகையால் இப்போது நோட்டுகளில் ஏறுவது சட்டம். 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. அதே ஆண்டு ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அனுமதித்தார். 1987க்கு முன் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் கொட்டப்பட்டிலிருந்து வாக்களித்தார். அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தேடத் தேவைப்படுவது, அன்றைக்கு வீடு ஏறி எழுதிய அந்தப் பிறப்புப் பட்டியல்தான்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்கிறது அது. தலைக்கு மேல் தொங்கிய ஒரு கத்தி விலகியது. குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற தடை மட்டும் அப்படியே இருக்கிறது. பதிவு செய்தோ இயல்புரிமையாகவோ குடியுரிமை கேட்பவரை அது வாசலிலேயே நிறுத்தும். திரும்பிப் போகலாமே என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு: அதே 2025இல், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில், முன்பு அனுமதியின்றி நாட்டை விட்டுப் போனதற்காகக் கைது செய்தார்கள்.

முகாம்களின் படித்த இளைஞர்கள் இப்போது இரண்டு வகைக் கோப்புகளைத் தயார் செய்கிறார்கள். ஒன்று திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு: தூதரகப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், காணி உறுதி எனும் நிலப் பத்திரத்தின் நகல். இன்னொன்று இங்கேயே இருக்க விரும்பும் குடும்பங்களுக்கு: தாத்தாவின் தோட்டப் பதிவு, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, 1987க்கு முந்தைய பிறப்புச் சான்று, எதுவும் கிடைக்காதவருக்கு முகாமில் இத்தனை ஆண்டு வாழ்ந்ததற்கான அத்தாட்சி. இந்த இரண்டாம் கோப்பில் கடைசி வகையினர்தான் அதிகம். அவர்களுக்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் போதாது. குடியுரிமைச் சட்டத்தின் அந்த ஒரு வரையறையை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் முப்பத்தொன்பது மக்களவை உறுப்பினர்களிடம் இந்தக் கோப்புகள் போய்ச் சேர வேண்டும்.